புகையிலை டப்பாவில் இருந்த மாத்திரை

கேன் பெரியப்பா வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றதும் முதலில் கோழிகள் ஓடின. அடுத்ததாகக் கேன் பெரியப்பா ஓடப் பார்த்தார். எழுபத்திரண்டு வயதில் எவ்வளவு தூரம்தான் ஓட முடியும்? தண்ணீர்ச் சாடிக்குப் பின்னால் நின்றவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து மூங்கில் கட்டிலில் உட்கார வைத்தாள் வியாங். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்தாள்.

"நூத்தி எழுபத்தஞ்சு. மாத்திரைய நிறுத்திட்டீங்க."

"தலை சுத்துறது நின்னு போச்சும்மா. அப்புறம் எதுக்கு மாத்திரை?"

"மாத்திரை சாப்பிட்டதாலதான் நின்னுச்சு. ஒடம்பு கெட்டா ஒடம்புக்கு மருந்து குடுக்கணும் பெரியப்பா. மனசுல தைரியம் இருந்தா ரத்த அழுத்தம் எறங்கிருமா?"

பெரியப்பா அவள் எதிரிலேயே மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். அப்படிக் காட்டினால்தான் வியாங் நம்புவாள்.

மூன் ஆற்றுக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊரில் அவள் சுகாதாரத் தொண்டராகிப் பதினாறு வருடம் ஆகிறது. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு உப்பு ஆகாது, யார் மருந்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தினமும் காலை ஆறு மணிக்கு ஊர்த் தலைவர் வீட்டு ஒலிபெருக்கியில் கொசுவைப் பற்றியும் நாய்க்கடி ஊசியைப் பற்றியும் வாசிப்பவளும் அவள்தான். ஊருக்கெல்லாம் மருந்து கொண்டு போன அந்தப் பெண், தன் வீட்டு மருந்தை என்ன செய்தாள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அவள் கணவன் தோங்லா நல்ல உழைப்பாளி. வரப்பு கட்டுவதில் அவனுக்கு ஈடு கிடையாது. ஆனால் காலையில் வயலுக்குப் போகும் வழியில் லம்யை கடையில் ஒரு கிளாஸ் வெள்ளைச் சாராயம் உள்ளே போனால்தான் அவன் கை நிற்கும். இல்லையென்றால் நாற்று முடிச்சைக்கூடப் பிரிக்க வராது. மதியம் இரண்டு, சாயங்காலம் கணக்கில்லை. இருபது வருடமாக இப்படித்தான்.

மழைக்கால நோன்பு தொடங்கும் நாளில் எங்கள் ஊர் ஆண்கள் விகாரைக்குப் போய், தலைமைத் துறவியான பெரிய சாமி முன்னால் மண்டியிட்டு, மூன்று மாதம் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்வார்கள். சாமி மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவார். சத்தியம் செய்தவர்களின் பெயர் வாசல் பலகையில் ஏறும். உடைத்தவனின் பெயர்மேல் சிவப்புக் கோடு விழும். தோங்லா ஆறு வருடம் சத்தியம் செய்தான், ஆறு வருடமும் கோடு விழுந்தது. ஆறு முறையும் மூன்றாம் நாள். அதனால் ஊரில் அவனுக்கு 'மூணு நாளு' என்று பெயர். லம்யையின் கணவன் சோம், தோங்லா இந்த வருடம் நாலாம் நாளைப் பார்ப்பானா என்று கோழி வைத்துப் பந்தயம் கட்டுவான். ஆறு கோழி ஜெயித்திருக்கிறான். ஏன் ஒவ்வொரு வருடமும் அதே மூன்றாம் நாள் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சிரிக்கத்தான் தோன்றியது.

இந்த வருடம் நோன்புக்கு முந்தைய நாள், மழையில் நமத்துப் போன புகையிலையை வெயிலில் காயவைக்கலாம் என்று வியாங் அவனுடைய தகர டப்பாவைத் திறந்தாள். புகையிலைக்கு அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. வட்ட மருத்துவமனையின் பொட்டலம், மேலே தோங்லாவின் பெயர். அந்த மாதிரிப் பொட்டலத்தை ஆயிரக்கணக்கில் விநியோகித்தவள் அவள். உள்ளே இருந்த இரண்டு அட்டைகளில் ஒன்று வைட்டமின். இன்னொன்றைப் படித்ததும் அவள் முகம் மாறியது.

"இது என்னய்யா?"

தோங்லா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தான். "போன வாரம் உரம் வாங்கப் போனப்ப ஆஸ்பத்திரிக்கும் போயிட்டு வந்தேன்."

"எங்கிட்ட சொல்லாமலா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். வெக்கமா இருந்துச்சு." அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "மூணாம் நாளு என் ஒடம்பு என் பேச்சக் கேக்க மாட்டேங்குது புள்ள. நெஞ்சு படபடன்னு அடிக்குது, கண்ணுக்கு முன்னால எறும்பா ஊருது. ஒரு கிளாஸ் உள்ள போனா எல்லாம் நிக்குது. அந்த டாக்டரம்மா இத வியாதிங்கறாங்க. முதல் அஞ்சு நாளைக்கு இந்த மாத்திரை போட்டா நடுக்கம் வராதாம். அப்புறம் குடிக்கிற ஆசையக் கொறைக்க வேற ஒண்ணு தருவாங்களாம்."

"நாளைக்குப் புத்தர் முன்னால ஒக்காந்து சத்தியம் பண்ணப் போற. மாத்திரைய முழுங்கிட்டுப் பண்ற சத்தியம் ஒரு சத்தியமா? பெரிய சாமி முப்பது வருஷம் சிகரெட் பிடிச்சவரு. போன வருஷ நோன்புல ஒரே நாள்ல விட்டாரு. அவரு என்ன மாத்திரையா சாப்பிட்டாரு? மனசுய்யா. மனசு வேணும்."

அது உண்மையில் ஊரே பெருமையாகச் சொல்லிக்கொண்ட விஷயம்தான். சிகரெட்டை விட்ட பிறகு சாமியின் தாடை மட்டும் எந்நேரமும் அசைந்துகொண்டே இருந்தது. அந்தப் பழக்கம் போய்ப் பாக்குப் பழக்கம் வந்துவிட்டது என்று நாங்கள் அன்போடு கேலி செய்துகொண்டோம்.

"அதோட இது தூக்க மாத்திரை வகை. பழகினா விடாதுன்னு பயிற்சியில சொல்லியிருக்காங்க. குடிய விட்டுட்டு இதுல விழப் போறியா? சுகாதாரத் தொண்டர் புருசனே மாத்திரை போட்டுத்தான் நோன்பு இருக்கான்னு லம்யை கடையில சிரிக்க மாட்டாங்க?"

 மருந்து விஷயத்தில் வியாங் சொன்னால் ஊரே கேட்கும். தோங்லா மட்டும் எப்படிக் கேட்காமல் இருப்பான்?

"நீ சொன்னா சரி," என்றான்.

அவள் பொட்டலத்தைத் தன் மருந்துப் பையின் ஓரத்தில் செருகி வைத்தாள்.

மறுநாள் விகாரையில் ஏழாவது முறையாகத் தோங்லா மண்டியிட்டான். பின்வரிசையில் யாரோ "மூணு நாளு வந்துட்டான்" என்று முணுமுணுக்க, சிரிப்பு கிளம்பியது. வியாங் திரும்பி முறைத்ததும் அடங்கியது. அவன் நூல் கட்டிய கையைத் தூக்கி அவளுக்குக் காட்டினான்.

இரண்டாம் நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. விசிறிக்கு நேராக உட்கார்ந்தும் சட்டை நனைந்து ஒட்டியது. கிளாஸில் தண்ணீர் கொடுத்தால் பாதி தரையில் சிந்தியது. வியாங் அவன் முதுகைத் துடைத்துவிட்டாள், "தாங்கிக்கய்யா, இன்னும் ரெண்டு நாள்தான்" என்றாள். அவள் அன்பில் குறை சொல்ல முடியாது. மூன்றாம் நாள் காலையில் அவன் நடவுக்குப் போகும்போது, அவனை லம்யை கடைப் பக்கம் விடாதீர்கள் என்று பக்கத்து வயல்காரர்களிடம் சொல்லிவிட்டுத்தான் வீடு வீடாக மருந்து பார்க்கக் கிளம்பினாள். கடையை நன்றாகக் காவல் காத்தாள். அவன் உடம்பைக் காவல் காக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பத்து மணி இருக்கும். கேன் பெரியப்பாவின் நாக்கைச் சோதித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. லம்யை பேசினாள்.

"வியாங், ஒடனே வா. ஒம் புருசன் வயல்ல விழுந்து கெடக்கான்."

கணுக்கால் ஆழத் தண்ணீர்தான். ஆனால் தோங்லா குப்புற விழுந்திருந்தான். அதற்கு முன்னால் நாற்றுகளைப் பார்த்து, செத்துப் போன தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தானாம். பிறகு கை கால் விறைத்து வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அவனைப் புரட்டிப் போடாமல் இருந்திருந்தால் அந்தச் சேற்றிலேயே மூச்சு நின்றிருக்கும்.

வியாங் போய்ச் சேர்ந்தபோது வரப்பில் கூட்டம். அவன் வாய் ஓரத்தில் ரத்தமும் நுரையும். கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை.

"ஆறு தடவ சத்தியத்த மீறுனான்ல, வயல் தேவதை அடிச்சிருச்சு," என்றாள் லம்யை. "பேயோட்டுறவரக் கூப்பிட ஆள் போயிருக்கு."

"ஒரு வாய் சாராயம் ஊத்துங்கப்பா, சரியாயிரும்," என்றார் ஒருவர்.

"நோன்புல சாராயமா? இன்னும் பாவம் சேரும்," என்றார் இன்னொருவர்.

வியாங் மண்டியிட்டு அவன் தலையை ஒருக்களித்துப் பிடித்தாள். அவன் மணிக்கட்டில் வெள்ளை நூல் சேறாகிக் கிடந்தது. தோளில் தொங்கிய மருந்துப் பை அவன் மார்பில் இடித்தது. பையின் ஓரத்தில் செருகியிருந்த பொட்டலம் அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

"யாரும் வாயில எதையும் ஊத்தாதீங்க. பேயோட்டுறவரு வேண்டாம். ஆம்புலன்சக் கூப்பிடுங்க," என்றாள்.  "இது தேவதை செஞ்சதில்ல."

வட்ட மருத்துவமனையில் டாக்டர் சிரின்யா, பார்த்ததும் தோங்லாவை அடையாளம் கண்டுகொண்டார். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, அவன் கட்டிலிலிருந்து குதிக்காமல் இருக்கக் கைகளைத் துணியால் கட்டச் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

"நான் குடுத்த மாத்திரைய சாப்பிட்டாரா?"

வியாங் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். அட்டையில் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வியாங் போட்டிருந்த தொண்டர் சட்டையையும் பார்த்தார்.

"அன்னைக்கே இங்க தங்கச் சொன்னேன்க்கா. நடவு நேரம், முடியாதுன்னுட்டாரு. வீட்ல பாத்துக்க ஆள் இல்லாம மாத்திரை குடுத்து அனுப்ப மாட்டேன்னேன். 'என் பொண்டாட்டி சுகாதாரத் தொண்டர், ஊருக்கே மருந்து குடுக்கிறவ, அவ பாத்துக்குவா'ன்னு சொன்னாரு. அத நம்பித்தான் அனுப்புனேன்."

வியாங் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். டாக்டர் கோபப்படவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இருபது வருஷம் சாராயத்துல ஊறுன மூளை அக்கா அது. திடீர்னு நிறுத்தினா வெறி பிடிச்ச மாதிரி ஆயிரும். ரெண்டாம் நாளு, மூணாம் நாளு ரொம்ப ஆபத்து. உயிர் போறவங்களும் உண்டு. பழகிடும்னு பயந்தீங்களா? அந்த மாத்திரை அஞ்சே நாளைக்குத்தான், தெனமும் கொறைச்சுக்கிட்டே வந்து நிறுத்தத்தான் எழுதினேன். ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே."

"ஆறு வருஷமா மூணாம் நாளு மூணாம் நாளுன்னு சிரிச்சோம் டாக்டர்," என்றாள் வியாங். "அவரு உயிரக் காப்பாத்திக்கத்தான் குடிச்சிருக்காரு."

இரண்டு நாள் அவன் அவளை யாரோ என்று பார்த்தான். போர்வையில் இல்லாத எறும்புகளைத் தட்டிவிட்டான். தம்பியோடு சண்டை போட்டான். வியாங் கட்டிலடியை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவன் கண் தெளிந்தது. உதடு வெடித்திருந்தது. கட்டை அவிழ்த்துவிட்டதும் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தான். மருத்துவமனையில் நூலை வெட்டி எடுத்திருந்தார்கள்.

"புள்ள," என்றான். "குடிச்சிட்டேனா?"

"இல்லய்யா."

"நெசமாவா? ஒண்ணும் நெனப்பில்ல. இந்தத் தடவையும் ஒன்னத் தல குனிய வெச்சுட்டேனோன்னு..."

வியாங் அவன் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சாவின் வாசல்வரை போய் வந்தவன் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறான். கேட்க வேண்டியவள் அவள் அல்லவா?

அன்று மதியம் அவள் விகாரைக்குப் போனாள். பெரிய சாமி மண்டபத்தில் தனியாக இருந்தார். அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளிக் காலை மடக்கி உட்கார்ந்து மூன்று முறை வணங்கினாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"அவருக்கு இப்ப மருந்து குடுக்கறாங்க சாமி. இனி வீட்டுக்கு வந்தும் குடுக்கணுமாம். மருந்து சாப்பிட்டா அவரு சத்தியம் செல்லாதுன்னா, பலகையில பேர அழிச்சிடுங்க. எனக்கு அவரு உயிரோட இருந்தா போதும்."

சாமியின் தாடை அசைவது நின்றது.  பிறகு தோள்பைக்குள் கையை விட்டு ஓர் அட்டையை எடுத்து, துறவி பெண் கையில் நேராகக் கொடுக்கக் கூடாது என்பதால் ஒரு துணியின் மேல் வைத்து அவள் பக்கம் நகர்த்தினார். வியாங் குனிந்து படித்தாள். மருத்துவமனை எழுத்து, சாமியின் பெயர். சிகரெட்டை விடுவதற்காக மெல்லும் மருந்து.

"இது பாக்கு இல்லம்மா," என்றார் சாமி. "நாலு நோன்பு மனசாலயே விடப் பார்த்தேன். தியானத்துல ஒக்காந்தா சிகரெட்தான் கண்ணுக்கு வந்துச்சு. கடைசியில அதே டாக்டரம்மாகிட்டதான் போனேன். மொதல்ல ஒரு நாளைக்குப் பத்து. இப்ப ஒண்ணுதான்."

"எங்களுக்குத் தெரியாதே சாமி."

"நீங்கல்லாம் 'சாமிக்கு என்ன மனவுறுதி'ன்னு கும்பிட்டீங்க. கும்பிட்டது நல்லா இருந்துச்சு. சும்மா இருந்துட்டேன்." அவர் குரல் தணிந்தது. "நான் வாயத் தொறந்து சொல்லியிருந்தா, நீ அந்தப் பொட்டலத்தப் பிடுங்கியிருக்க மாட்ட. ஒன் தப்புல பாதி என்னோடது."

அடுத்த பூஜை நாளன்று, ஊர் முழுவதும் உட்கார்ந்திருந்த மண்டபத்தில், சாமி அந்த அட்டையை உயர்த்திக் காட்டி இதையே சொன்னார். ஒரு துறவி தன் பெருமையை இப்படித் தானே எடுத்துக் கீழே வைத்ததை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. பலகையில் இருந்த சிவப்பு மைக் கோடுகள் எல்லாவற்றையும் அன்றே அழிக்கச் சொன்னார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. தோங்லா வீடு திரும்பி நான்கு நாள் ஆகியிருந்தது. அவன்தான் வியாங்கை மோட்டார் சைக்கிளில் கூட்டி வந்து ஊர்த் தலைவர் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். வியாங் வழக்கம்போல் வாசித்தாள். பூந்தொட்டித் தண்ணீரை மாற்றுங்கள், சாடிகளை மூடி வையுங்கள். வாசித்து முடித்தும் நிறுத்தவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு. இது தாள்ல எழுதி வந்ததில்ல. என் புருசன் குடிய விட டாக்டர்கிட்ட மருந்து வாங்கிட்டு வந்தாரு. நான் அத மறைச்சு வெச்சேன். அதனாலதான் வயல்ல விழுந்தாரு. தேவதையும் இல்ல, சாபமும் இல்ல. நான்தான். குடியும் சிகரெட்டும் ஒடம்பப் பிடிச்ச வியாதி. ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடறவங்கள நாம கோழைன்னு சொல்றமா? இதுக்கு மருந்து சாப்பிடறவங்கள மட்டும் ஏன் சொல்றோம்? வியாதிக்கு டாக்டர்கிட்ட போறவங்கதான் மனசுல பலம் உள்ளவங்க. அவங்களப் பாத்துச் சிரிக்கிறவங்களும், என்ன மாதிரி தடுக்கிறவங்களும்தான் கொல்றாங்க. ரொம்ப நாளா குடிக்கிறவங்க டாக்டரக் கேக்காம ஒரேயடியா நிறுத்தாதீங்க. வட்ட ஆஸ்பத்திரியில செவ்வாக்கெழம காலையில பாக்கறாங்க. தனியாப் போக வெக்கமா இருந்தா நான் கூட வர்றேன்."

சத்தம் நின்றது. ஆனால் விசையை அணைக்க அவள் மறந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தோங்லாவின் குரல் ஊர் முழுவதும் கேட்டது.

"அழாத புள்ள. மணியாச்சு, மாத்திரைய குடு."

"சோறு தின்னியா?"

"தின்னுட்டேன்."

"இந்தா தண்ணி. முழுங்கு. எங்க, வாயத் தொற."

"என்னையுமா?"

"நாக்கத் தூக்குய்யா. இனிமே மொத வீடு என் வீடுதான்."

லம்யை கடை வாசலில், வயலுக்குப் போகும் வழியில் நின்ற ஆண்கள் ஏழெட்டுப் பேர் அதைக் கேட்டார்கள். வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. ஆறு கோழி ஜெயித்த சோம், கையில் இருந்த கிளாஸைப் பலகைமேல் வைத்தான். அவன் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"செவ்வாக்கெழம எத்தன மணிக்குன்னு சொன்னாளா?" என்று அவன் லம்யையைக் கேட்டான்.